கணக்கிலிருந்து அழிக்கப்பட்டவர்

விளையாட்டுச் சங்கங்கள் வீரர்களைத் தண்டிப்பது புதிதல்ல. ஓர் ஆண்டுத் தடை, அபராதம், வாழ்நாள் விலக்கு என்று அதில் பல படிகள் உண்டு. ஆனால், ஒருவர் ஆடியதையே ஆடவில்லை என்று ஆக்கி, அவர் எடுத்த புள்ளிகளை ஏட்டிலிருந்து நீக்கிவிடுவது அரிதிலும் அரிது. 1907-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அது நடந்தது. அந்தத் தண்டனைக்கு உள்ளானவர் அன்றைய தேதியில் அந்நாட்டின் தலைசிறந்த ரக்பி வீரர். அவர் செய்த குற்றம், ஆடியதற்குக் கூலி வாங்கியது.

அவருடைய முழுப்பெயர் ஹெர்பர்ட் ஹென்றி மெசெஞ்சர். ஆஸ்திரேலியர்களுக்கு அவர் டேலி மெசெஞ்சர். குழந்தைப் பருவத்தில் அவருக்கு இருந்த சிறு தொந்தியைப் பார்த்து, அக்காலத்தில் நியூ சவுத் வேல்ஸ் அரசியலில் புகழ்பெற்றிருந்த பருத்த உடலினரான வில்லியம் பீட் டேலியின் பெயரை யாரோ விளையாட்டாகச் சூட்டினார்கள். பெயருக்குரிய அரசியல்வாதியை இன்று வரலாற்று மாணவர்கள் மட்டுமே அறிவார்கள். பட்டப்பெயரைப் பெற்ற பிள்ளையின் பெயரோ ஆண்டுதோறும் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளில் ஒலிக்கிறது.

மெசெஞ்சர் 1883 ஏப்ரல் 12 அன்று சிட்னியின் பால்மெய்ன் பகுதியில் பிறந்தார். தந்தை சார்லஸ் மெசெஞ்சர் இங்கிலாந்திலிருந்து குடியேறிய படகு கட்டும் தொழிலாளி. துடுப்புப் படகுப் போட்டிகளில் பெயர் பெற்றவர். தாத்தா ஜேம்ஸ் மெசெஞ்சர் 1854 முதல் 1857 வரை துடுப்புப் படகுப் போட்டியில் வாகையர் பட்டத்தைத் தன்வசம் வைத்திருந்தவர். சிட்னி துறைமுகத்தின் டபிள் பே கரையில் இருந்த குடும்பப் படகுக் கொட்டகையில்தான் டேலி வளர்ந்தார். மரம் இழைப்பதும், படகு ஓட்டுவதும், மிஞ்சிய நேரத்தில் பந்து உதைப்பதுமாக அவருடைய இளமை கழிந்தது. பின்னாளில் வாழ்க்கை அவரை எங்கெங்கோ அலைக்கழித்தபோது கடைசியில் கைகொடுத்தது அங்கே கற்ற மரவேலைதான்.

இந்தப் படகுக் குடும்பப் பின்னணியைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் துடுப்புப் படகுப் போட்டி இரண்டு உலகங்களாகப் பிரிந்து கிடந்தது. பணத்துக்காகப் போட்டியிடும் தொழிலாளர்கள் ஒருபுறம். மகிழ்ச்சிக்காக மட்டுமே துடுப்புப் போடுவதாகச் சொல்லிக்கொண்ட கனவான்கள் மறுபுறம். கனவான்களின் சங்கம் வகுத்த விதி, பரிசுப் பணம் வாங்கியவரை மட்டும் விலக்கவில்லை. கையால் உழைத்துப் பிழைக்கும் கைவினைஞரையும் கூலித் தொழிலாளரையும் அமெச்சூர் அல்லாதவர் என்று ஒதுக்கியது. அமெச்சூர் என்ற சொல்லுக்கு விளையாட்டின் மீது கொண்ட அன்பு என்று பொருள் சொல்வார்கள். படகு கட்டுபவரின் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்திருக்கும். பந்தயப் பணம் வாங்குவது அந்தக் குடும்பத்துக்கு மானக்கேடு அல்ல. மூன்று தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிய பிழைப்பு.

ரக்பி ஆட்டத்திலும் அதே பிளவு ஏற்கெனவே நிகழ்ந்திருந்தது. வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போயிற்று. அந்த இழப்பை ஈடுகட்ட அனுமதி கேட்டபோது, லண்டனிலிருந்த ரக்பி யூனியன் தலைமை மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கழகங்கள் கூடி, வடக்கு யூனியன் என்ற தனி அமைப்பை உருவாக்கின. இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் என்பதுதான் தொடக்கத்தில் அவை வகுத்த ஈட்டுத்தொகை. இந்த அமைப்பு பின்னர் அணிக்குப் பதினைந்து பேர் என்பதைப் பதின்மூன்றாகக் குறைத்தது. பந்து வெளியே போனால் இரு வரிசையாக நின்று எறியும் முறையையும் நீக்கி, ஆட்டத்தை வேகமாக்கியது. ரக்பி லீக் என்று இன்று உலகம் அறியும் ஆட்டம் இப்படிப் பிறந்ததே.

சிட்னியில் நிலைமை இன்னும் கூர்மையாக இருந்தது. அங்கே ரக்பி மேட்டுக்குடிப் பள்ளிகளின் ஆட்டம் மட்டுமல்ல, மக்களின் ஆட்டம். 1907 ஜூலையில் நியூ சவுத் வேல்ஸ் அணிக்கும் நியூசிலாந்துக்கும் நடந்த ஆட்டத்தைக் காண சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். வாயிலில் வசூலான பணம் சங்கத்தின் கருவூலத்துக்குச் சென்றது. ஆடியவர்களுக்கு வெளியூர்ப் பயணங்களின்போது நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் படி. காயம் பட்டால் அவரவர் பாடு. முடிதிருத்தும் தொழில் செய்த அலெக் பர்டன் என்ற வீரர், நியூ சவுத் வேல்ஸ் அணிக்கு ஆடியபோது அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தார். சங்கம் அவருக்கு ஒன்றும் தரவில்லை. சிட்னியில் புதிய ஆட்டம் தோன்றிய கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் பர்டனின் இந்தக் காயத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

விளையாட்டுப் பொருள்கள் விற்பனையில் ஈடுபட்டிருந்த விக்டர் ட்ரம்பரின் கடை, மனக்குறை கொண்ட வீரர்கள் கூடிப் பேசும் இடமாயிற்று. ட்ரம்பரைக் கிரிக்கெட் வரலாறு அறிந்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிராட்மனுக்கு முந்தைய தலைமுறை ஆஸ்திரேலியர்களுக்கு அவரே மட்டையின் அரசர். அவரோடு ஜேம்ஸ் கில்டினன் என்ற தொழில்முனைவரும், தொழிலாளர் ஆதரவாளரும் முன்னாள் சட்டப்பேரவை உறுப்பினருமான ஹென்றி ஹாய்லும் சேர்ந்தனர். 1907 ஆகஸ்ட் 8 அன்று ஜார்ஜ் தெருவில் இருந்த பேட்மன்ஸ் கிரிஸ்டல் ஹோட்டலில் நியூ சவுத் வேல்ஸ் ரக்பி ஃபுட்பால் லீக் உருவாயிற்று.

அமைப்பு உண்டாயிற்று, ஆனால் ஆள் வேண்டுமே. கடலுக்கு அப்பால் வெலிங்டனில் அஞ்சல் துறையில் வேலை பார்த்த ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற இளைஞர், வடக்கு யூனியனோடு மோதுவதற்கென்று நியூசிலாந்து வீரர்களின் அணி ஒன்றை அழைத்துக்கொண்டு புறப்பட்டிருந்தார். போகும் வழியில் சிட்னியில் மூன்று ஆட்டங்கள் ஆட அவரைக் கில்டினன் அழைத்திருந்தார். ஆல் பிளாக்ஸ் என்ற பெயரைத் திரித்து, பணத்துக்கு ஆடும் இவர்களை ஆல் கோல்ட்ஸ் என்று சிட்னிப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. எள்ளலாக வந்த பெயரே பின்னர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. எதிரணிக்கு மக்களை ஈர்க்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. சிட்னியில் அத்தகைய பெயர் ஒன்றே ஒன்றுதான்.

மெசெஞ்சருக்கு அப்போது வயது 24. முதல் நிலை ஆட்டங்களுக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகத்துக்கும், நியூ சவுத் வேல்ஸுக்கும், அந்த ஆண்டே ஆஸ்திரேலியாவுக்கும் ஆடிவிட்டார். ஆளை நோக்கி ஓடிவந்து கடைசி நொடியில் உயரே தாவிக் கடந்துவிடுவார். எந்தக் கோணத்திலிருந்தும் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பார். பயிற்றுநர் கற்பிக்காத, ஏட்டில் இல்லாத உத்திகள். மறுமுறை அதேபோல் செய்வார் என்று எதிராளியால் எண்ணவே முடியாது. மதுவும் புகையும் அறியாதவர், கூச்ச சுபாவம் உள்ளவர். டேலி ஆடுகிறார் என்பதற்காகவே மைதானத்துக்கு வருபவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

கில்டினனும் ட்ரம்பரும் டபிள் பே வீட்டுக்குச் சென்றனர். பேச்சுவார்த்தை மெசெஞ்சரோடு முடியவில்லை. முடிவை அவர் தாயிடம் விட்டுவிட்டார் என்பது அந்தக் குடும்பத்தின் வழியாக நமக்குக் கிடைக்கும் செய்தி. ஆனி மெசெஞ்சர் சம்மதித்தார். மூன்று ஆட்டங்களுக்கு 180 பவுண்டு பேசப்பட்டதாகச் சொல்வார்கள். இந்தத் தொகையின் கனத்தை உணர அதே ஆண்டின் இன்னொரு நிகழ்வை நினைத்துப் பார்க்கலாம். 1907 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் சமரச மற்றும் நடுவர் நீதிமன்றத்தின் நீதிபதி ஹிக்கின்ஸ், புகழ்பெற்ற ஹார்வெஸ்டர் வழக்கில், ஒரு சாதாரணத் தொழிலாளி மனைவி மக்களோடு நாகரிகமாக வாழ நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங், அதாவது வாரத்துக்கு 42 ஷில்லிங் தேவை என்று தீர்ப்பளித்தார். 180 பவுண்டு என்பது அந்தக் கணக்கில் ஒன்றரை ஆண்டுக்கும் மேற்பட்ட கூலி. தாய் சம்மதித்ததில் வியப்பில்லை. உழைப்புக்கு நியாயமான கூலி எது என்று ஒரு நாடே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆண்டில், ஆட்டக்காரரின் உழைப்புக்குக் கூலியே கூடாது என்று ஒரு சங்கம் பிடிவாதம் பிடித்தது என்பதுதான் வியப்பு.

1907 ஆகஸ்ட் 17 அன்று ராயல் வேளாண் சங்க மைதானத்தில் முதல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வந்தனர். புதிய ஆட்டத்தின் விதிமுறைகள் அச்சிட்டு இன்னும் கைக்கு வராததால், பழைய ரக்பி யூனியன் விதிகளின்படியே அன்று ஆடினார்கள் என்பது ஒரு வேடிக்கை. நியூசிலாந்து அணி 12–8 என்று வென்றது. அடுத்த இரண்டிலும் அதுவே வென்றது. தோற்றதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வசூல் வந்துவிட்டது. மெசெஞ்சரை ரக்பி யூனியன் வெளியேற்றியது. அவர் ஆடிய ஆட்டங்களும் எடுத்த புள்ளிகளும் அதன் ஏடுகளிலிருந்து அகற்றப்பட்டன.

பாஸ்கர்வில் அவரைச் சிட்னியில் விட்டுப் போக விரும்பவில்லை. நியூசிலாந்து அணியின் ஒரே ஆஸ்திரேலியராக மெசெஞ்சர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். முன்பின் ஆடியறியாத விதிகள், உறைபனி, சேறு, வாரம் இரண்டு ஆட்டங்கள். அத்தனைக்கும் நடுவே 146 புள்ளிகள் எடுத்து அணியின் முதன்மை ஆட்டக்காரராகத் திரும்பினார். டெஸ்ட் தொடரை நியூசிலாந்து 2–1 என்று வென்றது. ஆங்கிலக் கால்பந்துக் கழகங்கள்கூட அவருடைய காலை விலை பேசிப் பார்த்தன. அவர் ஊர் திரும்பவே விரும்பினார்.

அந்தப் பயணத்தின் முடிவு சோகமானது. 1908 மே மாதம் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்டில் பாஸ்கர்வில் தாமே களமிறங்கி ஒரு ட்ரை அடித்தார். மெசெஞ்சர் அன்று ஆஸ்திரேலியாவின் பக்கம் ஆடினார். அடுத்த ஆட்டத்துக்காக பிரிஸ்பேனுக்குக் கப்பலில் செல்லும்போது பாஸ்கர்வில்லுக்குக் காய்ச்சல் கண்டது, நிமோனியாவாக முற்றியது. மே 20 அன்று 25 வயதில் அவர் இறந்தார். அவருடைய தாய்க்கு நிதி திரட்டுவதற்காக வெலிங்டனில் நடத்தப்பட்ட ஆட்டமே, நியூசிலாந்து மண்ணில் புதிய விதிகளின்படி நடந்த முதல் ஆட்டம்.

இதற்கிடையில் சிட்னியில் போட்டிக்கான கழகங்கள் 1908 ஜனவரியிலேயே ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கியிருந்தன. ரக்பி யூனியன் முன்பே வகுத்திருந்த வட்டார முறையை லீக்கும் எடுத்துக்கொண்டது. ஒருவர் எந்தப் பகுதியில் குடியிருக்கிறாரோ அந்தப் பகுதியின் கழகத்துக்குத்தான் ஆட வேண்டும். ஆகவே, கழகம் என்பது முதலாளி ஒருவரின் சொத்தாக இல்லாமல் தெருவின் சொத்தாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் ஆடுகிறார், மூலைக்கடைக்காரர் கொடி பிடிக்கிறார் என்ற நிலை. முதலில் தோன்றியது தாங்களே என்று கிளீப், நியூடவுன் கழகங்களின் அன்பர்கள் இன்றைக்கும் வாதிடுவார்கள். சில நாள்கள் முன்பின் என்ற கணக்கில் அந்த வழக்கு தீர்வதாக இல்லை.

கழகங்களின் பட்டியலைப் படித்தால் அக்காலச் சிட்னியின் தொழில் வரைபடத்தைப் படிப்பது போலிருக்கும். பால்மெய்னில் மார்ட் கப்பல் பட்டறையும், துறைமுகத்துக்கு அடியிலேயே தோண்டிய நிலக்கரிச் சுரங்கமும் இருந்தன. சவுத் சிட்னியின் மையமான ரெட்ஃபெர்னை ஒட்டி ஈவ்லி ரயில்வே பணிமனை. அந்தக் கழகத்தினர் ராபிட்டோஸ் என்று அழைக்கப்படுவதற்கு, தெருத்தெருவாக முயல் இறைச்சி கூவி விற்றவர்கள் அதில் ஆடினார்கள் என்பதே பெரும்பாலானோர் சொல்லும் காரணம். கிளீப்பும் நியூடவுனும் நெருக்கமான வரிசை வீடுகள் நிறைந்த தொழிலாளர் பகுதிகள். துறைமுகத்தின் வடகரையில் நார்த் சிட்னி. மேற்கே வெஸ்டர்ன் சபர்ப்ஸ். அதற்கும் அப்பால் கம்பர்லேண்ட். நூறு மைலுக்கு அப்பாலுள்ள நிலக்கரி நகரமான நியூகாசிலிலிருந்து ஓர் அணி. மெசெஞ்சரின் ஈஸ்டர்ன் சபர்ப்ஸையும் சேர்த்து மொத்தம் ஒன்பது.

1908 ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்கள். வென்ட்வொர்த் பார்க், பெர்ச்க்ரோவ் என்ற இரு மைதானங்களில் முதல் சுற்று நடந்தது. நல்ல மைதானங்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பின் கையில் இருந்தன. லீக்கில் ஆடியவருக்கு ரக்பி யூனியனில் மீண்டும் இடமில்லை என்பதால், அன்று களமிறங்கிய ஒவ்வொருவரும் திரும்பிவர முடியாத ஒரு கோட்டைத் தாண்டினார்கள். மெசெஞ்சருக்காவது பெயரும் பணமும் இருந்தன. சில ஷில்லிங்குகளுக்காகவும் காயத்துக்கு ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கைக்காகவும் கோட்டைத் தாண்டிய மற்றவர்களின் துணிவைக் குறைத்து மதிப்பிட முடியாது.

முதல் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் சவுத் சிட்னி 14–12 என்று ஈஸ்டர்ன் சபர்ப்ஸை வென்றது. மெசெஞ்சர் அதில் ஆடவில்லை. கில்டினன் திரட்டிய முதல் கங்காரு அணி அதற்குள் இங்கிலாந்துக்குப் புறப்பட்டுவிட்டது. அந்தப் பயணம் கில்டினனை வீழ்த்தியது. லங்காஷயர் பஞ்சாலைகளில் வேலைநிறுத்தம். தொழிலாளர்களின் கையில் காசில்லை. மழையும் பனியும் வேறு. வசூல் படுத்துவிட்டது. வீரர்கள் ஊர் திரும்ப வடக்கு யூனியனே கப்பல் கட்டணத்துக்கு உதவ வேண்டியிருந்தது. கில்டினன் திவாலானார். 1909-இல் கணக்கு வழக்குகள் பற்றிய சர்ச்சையில் கில்டினன், ஹாய்ல், ட்ரம்பர் மூவருமே பொறுப்புகளை இழந்தனர். லீக்கை உருவாக்கிய மூவரும் இரண்டே ஆண்டுகளில் வெளியே! ட்ரம்பர் 1915-இல் 37 வயதிலேயே காலமானார்.

லீக் பிழைத்ததற்குக் காரணம் ஒரு செல்வந்தரின் பணமும் ஒரு சூழ்ச்சியும். லண்டனில் 1908 ஒலிம்பிக் தங்கம் வென்று திரும்பிய ரக்பி யூனியனின் வாலபி அணியிலிருந்து பதினான்கு பேரை, விடுதி உரிமையாளரும் பின்னாளில் சிட்னி மேயருமான ஜேம்ஸ் ஜாய்ன்டன் ஸ்மித் விலைக்கு வாங்கினார். கங்காருக்களுக்கும் வாலபிகளுக்கும் இடையே சிறப்பு ஆட்டங்கள் நடத்தப்பட்டன. யூனியனிலேயே இருந்திருந்தால் அந்தத் தங்கப் பதக்கம் மெசெஞ்சரின் கழுத்திலும் தொங்கியிருக்கும். ஆனால், பணம் வேண்டும் என்று பிரிந்து வந்தவர்களிடமும் பணம் தன் வேலையைக் காட்டிற்று. 1909-இன் கழக இறுதி ஆட்டத்தை இத்தகைய சிறப்பு ஆட்டம் ஒன்றின் முன்னோட்டமாக ஆடும்படி லீக் நிர்வாகம் சொன்னது. கழகங்களின் இறுதி ஆட்டத்தைத் துணை ஆட்டமாக ஆக்குவதா என்று பால்மெய்ன் கொதித்தது, களமிறங்க மறுத்தது. சவுத் சிட்னி வீரர்கள் ஆளில்லாத எதிர்ப்பாதியை நோக்கிப் பந்தை உதைத்துக் கோப்பையைப் பெற்றனர். இரு கழகங்களும் சேர்ந்தே புறக்கணிப்பதாகப் பேச்சு, சவுத் சிட்னி வாக்குத் தவறியது என்பது பால்மெய்ன் தரப்பின் மனக்குறை. அந்தக் கசப்பு அப்பா சொல்லி மகன் கேட்டு வளர்ந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து 1969 இறுதி ஆட்டத்தில் பால்மெய்ன் 11–2 என்று சவுத் சிட்னியை வீழ்த்தியபோது, பழைய கணக்கு தீர்ந்தது என்று மகிழ்ந்தவர்கள் இருந்தனர்.

1910-இல் பிரிட்டிஷ் அணியின் வருகையோடு லீக்கின் கால் ஊன்றியது. அந்த ஆண்டுக் கோப்பை நியூடவுனுக்கு. அடுத்த மூன்று ஆண்டுகளும் மெசெஞ்சருடையவை. 1911-இல் பல்வேறு ஆட்டங்களிலும் சேர்த்து 270 புள்ளிகள் எடுத்தார். அந்த அளவை எட்ட இன்னொருவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் 11–8 என்று கிளீப்பை வென்றது. கிளீப்புக்கு அதுவே கோப்பைக்கு மிக அருகில் வந்த தருணங்களுள் ஒன்று. மீண்டும் இங்கிலாந்து செல்ல அழைப்பு வந்தபோது மெசெஞ்சர் மறுத்துவிட்டார். 1911, 1912, 1913 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றதால், ராயல் வேளாண் சங்கத்தின் வெற்றிக் கேடயம் ஈஸ்டர்ன் சபர்ப்ஸுக்கே நிரந்தரமாக உரியதாயிற்று. கழகம் அதைத் தன் சுவரில் மாட்டிக்கொள்ளவில்லை. தலைவர் மெசெஞ்சரிடமே கொடுத்துவிட்டது. கேடயத்தோடு அவர் களத்தைவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 30.

அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ரக்பி யூனியன் தேசக் கடமையைக் காரணம் காட்டிப் போட்டிகளை நிறுத்தியது, லீக் நிறுத்தவில்லை. நாட்டுப்பற்று அற்றவர்கள் என்ற பழியைச் சுமந்துகொண்டே தொடர்ந்து ஆடியது. போர் முடிந்தபோது சிட்னியின் சனிக்கிழமைகள் லீக்குக்கு உரியவையாகிவிட்டன. இதை வெற்றி என்று சொல்லலாம். ஆனால் போர்க்களத்துக்குப் போன லீக் வீரர்களும் ஏராளம் என்பதை அந்தப் பழியைச் சொன்னவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மெசெஞ்சரின் எஞ்சிய வாழ்க்கை நீண்டது. ஆனால் சொல்வதற்கு அதிகமில்லை. விடுதித் தொழில் நடத்தினார். மது அருந்தாதவர் மதுக்கடை நடத்தியது எத்தனை நாள் நிலைக்கும்? குவீன்ஸ்லாந்தின் புடெரிம் பகுதியில் வாழைத்தோட்டம் போட்டார், அதுவும் கைகொடுக்கவில்லை. விளையாட்டில் சம்பாதித்தது எங்கே போயிற்று என்று கேட்டால், அவர் சம்பாதித்த ஆண்டுகள் மிகச் சில என்பதே விடை. இறுதியில் சிட்னிக்குத் திரும்பி, நியூ சவுத் வேல்ஸ் பொதுப்பணித் துறையில் தச்சராக வேலை பார்த்தார். டபிள் பே கொட்டகையில் தந்தையிடம் பிடிக்கக் கற்ற இழைப்புளி மீண்டும் கைக்கு வந்தது. அவர் கட்டடங்களில் மரவேலை செய்துகொண்டிருந்த அதே நகரில், அவரால் நிலைபெற்ற போட்டியைக் காணச் சனிக்கிழமைதோறும் பல்லாயிரம் பேர் திரண்டுகொண்டிருந்தனர். 1959 நவம்பர் 24 அன்று கன்னெடா என்ற சிற்றூரில் தம் 76-ஆவது வயதில் அவர் காலமானார்.

அவரோடு தொடங்கிய ஒன்பது கழகங்களின் கதையும் ஏறத்தாழ அதேதான். கம்பர்லேண்ட் ஓராண்டில் மறைந்தது. நியூகாசில் இரண்டு ஆண்டுகளில் விலகித் தன் ஊரிலேயே தனிப் போட்டி நடத்தப் போயிற்று. 1910-இல் வந்த அன்னண்டேல் 1920-இல் நின்றது. மூத்த கழகமான கிளீப்பை 1929-ஆம் ஆண்டோடு லீக் நிர்வாகமே வெளியேற்றியது. கடன்பட்ட நியூடவுன் 1983-க்குப் பிறகு முதல் நிலையில் இல்லை. பால்மெய்னும் வெஸ்டர்ன் சபர்ப்ஸும் 1999-இல் ஒன்றாக இணைந்தன. நார்த் சிட்னி அதே ஆண்டோடு தனித்தன்மையை இழந்தது. சவுத் சிட்னியையும் 1999-இல் வெளியேற்றினார்கள். ஆனால் அந்தக் கழகத்தின் மக்கள் பல்லாயிரக்கணக்கில் சிட்னி வீதிகளில் ஊர்வலம் போனார்கள், நீதிமன்றம் ஏறினார்கள், 2002-இல் திரும்பி வந்தார்கள். 2014-இல் தங்கள் 21-ஆவது கோப்பையையும் வென்றார்கள். ஒன்பதில் தன் சொந்த உருவோடு முதல் நிலையில் இன்றும் ஆடுபவை இரண்டே. ஒன்று சவுத் சிட்னி. மற்றது இப்போது சிட்னி ரூஸ்டர்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் மெசெஞ்சரின் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ். 1908-இல் முதல் இறுதி ஆட்டத்தில் மோதிய அதே இரண்டு கழகங்கள்.

1980 முதல் ஆண்டின் சிறந்த ரக்பி லீக் வீரருக்கு வழங்கப்படும் பதக்கம் டேலி எம் என்ற பெயரைத் தாங்குகிறது. அதை வாங்க மேடையேறும் இளைஞர்கள் ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் சம்பளம் பெறுகிறார்கள். 1995 ஆகஸ்டில், ஹடர்ஸ்ஃபீல்ட் கூட்டம் நடந்து சரியாக நூறு ஆண்டுகள் ஆனபோது, ரக்பி யூனியனும் அமெச்சூர் விதியைக் கைவிட்டு, ஆடுபவர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் தரத் தொடங்கியது. எந்தக் குற்றத்துக்காக மெசெஞ்சர் நீக்கப்பட்டாரோ அது குற்றம் அல்ல என்று ஆனபிறகும், அவருடைய புள்ளிகள் உடனே ஏட்டுக்குத் திரும்பவில்லை. அதற்கு 2007 வரை, அதாவது வெளியேற்றப்பட்ட நூறாவது ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2018-இல் ரக்பி லீக் தன் அமரர்களின் வரிசையில் அவரையும் சேர்த்துக்கொண்டது. 1913-இல் அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்ற கேடயம் இப்போது கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.